எம் த்ரீ

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை.
மற்றவர்களின் பயோடேட்டாவைப்
பக்கத்துக்கு மூன்று ரூபாய்க்கு அடித்துக் கொடுக்கிறேன்.
யாருக்கு எத்தனை சிஜிபிஏ என்று
அவரவர் வீட்டைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
எல்லாருடைய பலவீனமும் ஒன்றுதான்:
'அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்.'
நான் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவேன்.

என்னுடையதில்
2019 என்று தொடங்கி
2025 என்று முடிகிற ஒரு வரி.
நடுவில் இருக்கும் கோடு
மற்றவர்களுடையதைவிட நீளமாக இல்லை.
கம்ப்யூட்டர் எல்லாருக்கும் ஒரே கோடுதான் வைத்திருக்கிறது.
வாசிக்கிறவர்கள்தான் கழித்துப் பார்க்கிறார்கள்.

நான்கு வருடப் படிப்பு.
ஒரே ஒரு பாடம். ஏழு முறை எழுதினேன்.
நடுவில் ஒரு முறை
ஃபீஸ் கட்ட மறந்து போனது.

அந்த இரண்டு வருடத்தில்
இன்டர்ன்ஷிப் கேட்டால்
'இப்போது படிப்பவர்கள் மட்டும்' என்றார்கள்.
வேலை கேட்டால்
'படித்து முடித்தவர்கள் மட்டும்.'
ஐடி கார்டு காலாவதி என்று
கல்லூரி வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார்.
பரீட்சையன்று ஹால் டிக்கெட்டைக் காட்டினால் விடுவார்,
புதிதாகப் பார்ப்பதுபோல.

ஆராதனை முடிந்து செருப்புத் தேடும்போது
'எப்பம் பிள்ளே முடியும்?' என்பார் தங்கபாய் மாமி.
முடிந்த பிறகு
'வேலை எப்பம் பிள்ளே?'

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு இன்டர்வியூ வந்தது.
ஷெர்லின் சொல்லிக் கொடுத்தாள்:
'கேப் ஏன்னு கண்டிப்பா கேப்பாவ.
அப்பாக்கு சொகமில்லன்னு சொல்லு.
அட்டாக்குன்னா அதுக்கு மேல கேக்க மாட்டாவ.'
அப்பா அன்று காலை
நாலு கெட்டு ரப்பர் ஷீட்டை ஸ்கூட்டரில் வைத்து
குலசேகரம் இறக்கத்தில் விசிலடித்து வந்துகொண்டிருந்தார்.
அவரைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று பேர் இருந்தார்கள்.
ஓரத்தில் குறிப்பெடுக்கும் பெண்ணை எனக்குத் தெரியும்.
அபிஷா, அருமனைக்காரி, எனக்கு ஒரு பேட்ச் கீழே.
அவள் புரொவிஷனலை லேமினேட் செய்தது நான்தான்.
மூலையில் ஒரு குமிழி விழுந்துவிட்டது,
காசு வாங்கவில்லை.
'அக்கா' என்று ஆரம்பித்து
'மிஸ் ஜெரிஷா, உட்காருங்க' என்று முடித்தாள்.

ஷெர்லின் சொன்னதுபோலவே கேட்டார்கள்.
'எம் த்ரீ வரவில்லை' என்றேன்.
'வேற ஏதாவது... குடும்பத்தில்?'
'இல்லை சார். எம் த்ரீ.'
ஒரு சாவுக்குத் தயாரான முகங்கள்
பாதியில் நின்றன.
நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
'ஏழாவது தடவை என்ன மாத்தினீங்க?' என்றார்.

எப்பம் என்று கேட்டிருக்கிறார்கள்.
ஏன் என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

'ஆறு தடவை விடையைப் படிச்சேன் சார்.
அப்புறம் என் பழைய விடைத்தாள் நகலைக்
காசு கட்டி வாங்கி
தப்பைப் படிச்சேன்.
மூணாவது வரி. எல்லாத் தாளிலும் மூணாவது வரி.
மைனஸைக் கீழே கொண்டுவர மறந்துடுவேன்.'
அபிஷா எதையோ எழுதினாள்.
என்னவென்று தலைகீழாக வாசிக்க முயன்றேன்,
முடியவில்லை.

திரும்பும்போது பாசஞ்சரைப் பாறசாலையில்
எக்ஸ்பிரஸுக்காக ஒதுக்கிப் போட்டார்கள்.
நாற்பது நிமிடம்.
இதை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை.
கடலைக்காரருக்கு நல்ல வியாபாரம், அவ்வளவுதான்.
குழித்துறையில் இறங்கும்போது மழை.

மெயில் இன்னும் வரவில்லை.
இன்று கடைக்கு ஒரு பையன் வந்தான்.
கூட்டம் போகும்வரை
கவர் விலைகளை வாசித்துக்கொண்டே நின்றான்.
'அக்கா, அரியர் இருக்கத பயோடேட்டால போடணுமா?'
எத்தனை என்றேன்.
ஒரு கையைக் காட்டினான்,
கொஞ்சம் யோசித்து
மறுகையில் ஒரு விரல்.
'ஃபோட்டோவைச் சின்னதாக்கலாம்,
இடம் இருக்கு' என்று
ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினேன்.